வண்டலுக்கு ஏங்கும் மன்றோ தீவு!

பிசான அறுவடை முடிந்து, நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு, கார் சாகுபடிக்கு நாற்று பாவும் வரை தென்காசிப் பக்கத்து விவசாயிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கிடைக்கும். கோயில், குளம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று அந்த நாள்கள் போய்விடும். இந்த மார்ச் மாதம் அதில் இரண்டு நாளைத் தனியாக எடுத்து, நானும் என் மனைவியும் கேரளாவில் இருக்கும் மன்றோ தீவுக்குப் போய் வந்தோம். படகுச் சவாரி, கயாக் என்கிற துடுப்புப் படகு, கண்டல் காடு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். மண்ணைப் பற்றி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் அங்கே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே மலை, இரண்டு பக்கம்

செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயிலில் சுமார் 95 கிலோமீட்டர். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றி, 2018-ல் மறுபடியும் திறந்தார்கள். பகலில் ஓடும் ரயிலில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதும். குகைகள், பதின்மூன்று கண் பாலம், ரப்பர் தோட்டங்கள், தென்மலை என்று மலை இறங்குவது தெரியாமல் இறங்கிவிடலாம்.

இந்த மலையில் பெய்யும் மழை கிழக்கே வடிந்தால் எங்கள் சிற்றாறு. குற்றாலத்தில் விழுந்து, தாமிரபரணியில் சேர்ந்து, நெல்லாக மாறுகிறது. அதே மழை மேற்கே வடிந்தால் கல்லடையாறு. குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி ஆகிய மூன்று ஆறுகள் தென்மலைக்குப் பக்கத்தில் ஒன்றாகிக் கல்லடையாறாக ஓடி, கொல்லத்துக்கு வடக்கே அஷ்டமுடிக் காயலில் கலக்கின்றன. அப்படிக் கலக்கும் இடத்தில்தான் மன்றோ தீவு இருக்கிறது. ஆகவே, எங்களுக்கு இது அந்நிய ஊர் இல்லை. எங்கள் மலையின் மறுபக்கத்துக் கடைமடை.

எட்டு கை உள்ள காயல்

கொல்லம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. முதல் நாள் மதியத்துக்கு மேல் அங்கிருந்து காயலில் படகுச் சவாரி போனோம். எட்டுக் கிளைகளாகப் பிரிந்து கிடப்பதால் அஷ்டமுடி என்று பெயர். சுமார் 61 சதுர கிலோமீட்டர். கேரளாவில் வேம்பநாட்டுக் காயலுக்கு அடுத்த பெரிய நீர்நிலை இதுதான். 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நீண்டகரை என்ற இடத்தில் கடலோடு சேர்வதால், கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் காயலும் ஏறி இறங்குகிறது.

கரை முழுக்கத் தென்னை. இடையிடையே சீன வலைகள். நான்கு வளைந்த கம்புகளின் நுனியில் வலையைக் கட்டி, ஏற்றம் இறைப்பதுபோல் ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்குகிறார்கள். எங்கள் அப்பா காலத்துக் கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

காயலின் நடுவே சிறு வள்ளங்களில் சிலர் கம்பு ஊன்றி நின்று, அடியிலிருந்து எதையோ வாரிக்கொண்டிருந்தார்கள். மட்டி எடுக்கிறார்கள் என்று படகுக்காரர் சொன்னார். அஷ்டமுடியின் மட்டி வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. ஒரு காலத்தில் அளவில்லாமல் அள்ளியதால் வரத்துக் குறைந்துபோனது. பிறகு மீனவர்களே ஒன்றுகூடி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை, சிறு கண் வலை போடுவதில்லை என்ற கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தார்கள். 2014-ல் இந்த மட்டி மீன்பிடிப்புக்கு எம்.எஸ்.சி என்ற உலக அளவிலான நீடித்த மீன்வளச் சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது இவர்கள்தான்.

சாம்பிராணிக்கொடி என்ற இடத்தில் படகை நிறுத்தினார்கள். முழங்கால் அளவு தண்ணீர். சுற்றிலும் கண்டல் செடிகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கலாம். ஆழப்படுத்துவதற்காக அள்ளிய மண்ணைக் கொட்டிய இடத்தில் உண்டான திட்டு இது என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். கொஞ்சம் மண் விழுந்தால் போதும், தண்ணீரிலும் ஒரு தீவு எழுந்துவிடும் என்பதை அங்கே காலால் மிதித்தே தெரிந்துகொள்ளலாம். மறுநாள் பார்த்தது இதற்கு நேர் எதிரான காட்சி.

நுகத்தடியில் பூட்டிய மாதிரி

இரவு மன்றோ தீவில் ஒரு வீட்டிலேயே தங்கினோம். பயணிகளுக்காக இரண்டு அறைகளை ஒதுக்கியிருந்தார்கள். விடிவதற்கு முன்பே துடுப்புப் படகுக்காரத் தம்பி வந்துவிட்டார். கயாக் என்பது நீளமான, குறுகிய படகு. இருவர் முன்னும் பின்னுமாகக் காலை நீட்டி உட்கார வேண்டும். துடுப்பின் இரண்டு முனையிலும் பட்டை இருக்கிறது. முன்னால் இருப்பவர் தாளம் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதற்கு ஏற்பத் துடுப்புப் போட்டுத் திசையைத் திருப்ப வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொள்ளாமல் யாரையும் ஏற்றுவதில்லை.

“சேச்சி முன்னால இரிக்கட்டும். சேட்டன் பின்னால” என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார் தம்பி. முதல் கால் மணி நேரம் படகு கோணல்மாணலாகத்தான் போனது.

“ஏங்க, புதுசா பூட்டுன மாடு மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா எப்படி? நான் வலது போடும்போது நீங்களும் வலது போடுங்க” என்றாள் என் மனைவி. பிறகு சரியாகிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி 27 ஆண்டுகள். நடவு, களை, அறுப்பு என்று ஒரே வயலில் வேலை பார்த்திருக்கிறோம். ஆனால், ஒரே அசைவில் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தது அன்றைக்குத்தான்.

கிழக்கே வெளுக்கும்போது காயலின் அகன்ற பரப்பில் இருந்தோம். காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. நீர்க்காகங்கள் கம்பு நுனியில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. சூரியன் மேலே வந்த பிறகு தீவுக்குள் இருக்கும் வாய்க்கால்களில் நுழைந்தோம். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள் வளைந்து, மேலே பந்தல் போட்ட மாதிரி நிற்கின்றன. வாய்க்கால்களின் குறுக்கே சிறு நடைபாலங்கள். சில பாலங்கள் அத்தனை தாழ்வு. படகில் முதுகைச் சாய்த்து, வானத்தைப் பார்த்துப் படுத்தபடிதான் கடக்க வேண்டும். பாலத்தின் அடிப்பாகம் மூக்கைத் தொட்டுவிடும் போலிருக்கும். குழந்தைகள் மாதிரி சிரித்தோம்.

வாய்க்கால் ஓரத்தில் வீடுகள், ஆட்டுக் கொட்டகைகள், கயிறு திரிக்கும் பெண்கள், வாத்துக் கூட்டம். பெரியது, சிறியது என்று எட்டுத் தீவுகள் சேர்ந்த ஊர் இது. ஏறக்குறைய 13 சதுர கிலோமீட்டர், நம் கணக்கில் சுமார் 3,300 ஏக்கர். இந்த வாய்க்கால்கள்தான் இவர்களுடைய தெருக்கள். தேங்காய், மட்டை, கயிறு, செங்கல், கல்யாணச் சீர் எல்லாமே இதன் வழியாகத்தான் வந்து போயிருக்கின்றன.

துருத்து என்றால் துருத்தி

உள்ளூர்க்காரர்கள் இதை மன்றோ துருத்து என்கிறார்கள். நம் தமிழில் ஆற்றிடைத் திட்டுக்குத் துருத்தி என்று பெயர். தஞ்சாவூர் பக்கத்துத் திருப்பூந்துருத்தியில் இருப்பதும் அதே சொல்தான். திருவிதாங்கூரில் 1810 முதல் 1819 வரை ரெசிடென்டாகவும், அதில் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரை இந்தத் துருத்தோடு சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால், தீவை உண்டாக்கியது கல்லடையாறு. மழைக்காலத்தில் மலையிலிருந்து மண்ணை அடித்துக்கொண்டு வரும் ஆறு, காயலைத் தொட்டதும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுமந்து வந்த மண் படியும். அப்படிப் பல நூறு ஆண்டுகள் படிந்த வண்டல்தான் இந்தத் திட்டுகள். வண்டல் இளகிய மண். கொஞ்சம் கொஞ்சமாகத் தன் எடையிலேயே அமுங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வெள்ளத்திலும் மேலே புது மண் படியும் வரை அந்த அமுக்கம் தெரியாது. வரவு நின்றால்தான் தெரியும்.

எங்களுக்கு வீடு கொடுத்தவருக்கு 70 வயதுக்கு மேல் இருக்கும். தென்னை விவசாயி. காலை உணவு முடிந்ததும் தோப்பைக் காட்டினார். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட, அவருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது.

“நான் சின்னப் பையனா இருக்கும்போது இங்க நெல் விளைஞ்சது. ஆடி மாசம் வெள்ளம் வரும். வீட்டுக்குள்ளகூட வரும். ஆனா, வடிஞ்சு போகும்போது ஒரு விரக்கடை மண்ணை வெச்சுட்டுப் போகும். அதுக்கு மேல உரம் எதுக்கு? கோடையில வாய்க்காலுக்குள்ள இறங்கி, சேத்த வாரி, தென்னைக்கு அணைப்போம். வாய்க்காலும் ஆழமாகும், தென்னை மேடும் உசரும். இப்போ வெள்ளம் வர்றதும் குறைஞ்சுபோச்சு. வந்தாலும் மண் கொண்டு வர்றதில்ல” என்றார்.

தென்மலையில் பரப்பார் அணை இருக்கிறது. கல்லடைப் பாசனத் திட்டம் கேரளாவின் மிகப் பெரிய பாசனத் திட்டம். 1986-ல் பாசனத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கியது. கொல்லம், பத்தனம்திட்டா, ஆலப்புழா மாவட்டங்களின் வயல்களுக்கு அது தண்ணீர் தருகிறது. அணை தண்ணீரை நிறுத்தும்போது, அதோடு வரும் மண்ணும் அங்கேயே தங்கிவிடுகிறது. மிச்சமிருந்த மணலையும் ஆற்றுப் படுகையில் பல ஆண்டுகள் அள்ளினார்கள். தீவுக்கு மண் வரவு நின்றது. இன்னொரு பக்கம் கடல்மட்டம் உயர்கிறது. 2004-ல் சுனாமி வந்த பிறகுதான் தண்ணீர் ஏறுவது அதிகமாகிவிட்டது என்று ஊரில் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆக, காரணம் ஒன்றல்ல.

அணைமேல் பழி போட்டுவிட்டுப் போவது சுலபம். ஆனால், நாமும் அணைத் தண்ணீரில் விவசாயம் பார்ப்பவர்கள்தான். அடவிநயினார், கடனாநதி அணைகள் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எத்தனை வயல் பிழைக்கும்? மேலே ஒரு விவசாயிக்குத் தண்ணீராகக் கிடைத்தது, கீழே இன்னொரு விவசாயிக்கு மண்ணாகப் போயிருக்க வேண்டியது. திட்டம் போடும்போது எத்தனை ஏக்கர் பாசனம் என்று எழுதிவைக்கிறோம். ஆற்றின் கடைசியில் எத்தனை வண்டி மண் குறையும் என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

முற்றத்தில் ஏறும் கடல்

கடல் ஏற்றத்தை இங்கே வேலியேற்றம் என்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாக ஏறும். நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள். காலையில் காய்ந்து கிடந்த முற்றத்தில், மதியம் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் நின்றது. வீட்டுக்கார அம்மா எந்தப் பதற்றமும் இல்லாமல் செருப்பைத் திண்ணைமேல் எடுத்து வைத்தார். சுவரின் அடிப்பகுதியில் இடுப்பளவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு உப்பரித்து உதிர்ந்திருந்தது. தரையை இரண்டு முறை உயர்த்திவிட்டார்களாம். மூன்றாவது முறை உயர்த்தினால் தலை நிலைப்படியில் இடிக்கும்.

தோப்பில் எனக்கு மனது கேட்கவில்லை. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம்தான். தண்ணீர் வந்து உடனே வடிந்துவிட்டால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால், நாள் கணக்கில் வேரடியில் நின்றால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. வேர் அழுகும், மட்டைகளின் நுனி கருகும், குரும்பை கொட்டும், கொண்டை சிறுத்துப்போகும். அத்தனையும் அங்கே வரிசையாகத் தெரிந்தது. மேட்டில் அணைத்த மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன.

“மாடு வெச்சிருந்தீங்களாக்கா?” என்று என் மனைவி கேட்டாள்.

“மூணு இருந்தது. புல்லு எல்லாம் உப்பாயிருச்சு. எத்தனை நாள் வெலைக்கு வாங்கிப் போடறது? வித்துட்டோம். இப்போ ஆடும் வாத்தும்தான்” என்றார் அந்த அம்மா. மகன் வளைகுடாவில் இருக்கிறார். கொல்லம் டவுனில் வீடு வாங்கித் தருகிறேன், வந்துவிடுங்கள் என்று இரண்டு ஆண்டுகளாகக் கூப்பிடுகிறாராம்.

இருவரும் போகாமல் இருப்பதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. தோப்பில் பள்ளமான 30 சென்டைக் கரை கட்டி மீன் குளமாக்கியிருக்கிறார் அண்ணாச்சி. கரிமீனும் இறாலும் வளர்க்கிறார். மதகில் வலைப்பலகை வைத்து, ஏற்றத்தில் புதுத் தண்ணீரை உள்ளே விட்டு, இறக்கத்தில் பழைய தண்ணீரை வடிக்கிறார். பம்ப்செட் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை. எந்த உப்புத் தண்ணீர் தென்னையைக் கெடுத்ததோ, அதையே மீனுக்கு வேலை வாங்குகிறார். கரை சரியாமல் இருக்கக் கண்டல் கன்றுகளை இரண்டு வரிசை நட்டிருக்கிறார். அவற்றின் வேர்கள் வலை மாதிரி மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. கத்திரி, மிளகாய், வெண்டையெல்லாம் மொட்டை மாடியில் சாக்குப் பைகளில் காய்க்கின்றன. வாய்க்கால் சேற்றை மழைக்காலத்தில் குவித்து, உப்பு கழுவப்பட்ட பிறகு பைகளில் நிரப்புகிறார்கள்.

வடக்கே எர்ணாகுளம் பக்கத்தில் பொக்காளி வயல்களில், மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல், கோடையில் அதே வயலில் இறால் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. அந்த முறைக்கு 2013-ல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு பாரம்பர்ய வேளாண்மை என்ற அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. உப்போடு வாழும் வித்தை இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஆனால், அங்கெல்லாம் கரையைப் பலர் சேர்ந்து காக்கிறார்கள். மன்றோ தீவில் பாதி வீடுகள் காலியானால், மீதிப் பேர் எந்தக் கரையைக் காப்பார்கள் என்பதுதான் அண்ணாச்சியின் கவலை. “பக்கத்துத் தோப்புக்காரன் போயிட்டான். அவன் கரை உடைஞ்சா தண்ணி எனக்குத்தானே வரும்” என்றார். கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது என் மனைவி ஒன்று கேட்டாள். “நாம அழகுன்னு பாத்து ரசிச்ச தண்ணிதான அவங்க வீட்டுக்குள்ள வருது?” உண்மைதான். நாங்கள் படகு விட்ட இடங்களில் ஒன்று, அண்ணாச்சியின் அப்பா நெல் விதைத்த வயல். ஆனால், அங்கே பயணிகள் போவதால் படகுக்காரத் தம்பிக்கு ஊரிலேயே பிழைப்பு கிடைக்கிறது, அந்த அம்மாவுக்கு அறை வாடகை கிடைக்கிறது. போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போகிறவர்கள் பெரிய விடுதியைத் தேடாமல், ஊர்க்காரர் வீட்டில் தங்கி, ஊர்க்காரர் படகில் ஏறி, அவர் வளர்த்த மீனை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

போக நினைப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

எப்போது போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன், ஜூலை மழையில் துடுப்புப் படகு சரிவராது. இரண்டு நாள் போதும். துடுப்புப் படகுக்கு விடியற்காலைதான் சரி. ஏழெட்டு மணிக்கு மேல் வெயிலும் காற்றும் கூடிவிடும். தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரத்தை முதல் நாளே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது? எவ்வளவு செலவாகும்?

செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில். அங்கிருந்து எர்ணாகுளம் பாதையில் மன்றோதுருத்து என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பாசஞ்சர் ரயில்கள் நிற்கும். பஸ், ஆட்டோவிலும் போகலாம். ரயில், படகு, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் 7,000 ரூபாய்க்குள் முடிந்தது.

நீச்சல் தெரியாது. போகலாமா?

என் மனைவிக்கும் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. அகன்ற காயலில் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. முதுகுவலி, இடுப்புவலி உள்ளவர்கள் கம்பு ஊன்றித் தள்ளும் வள்ளத்தில் உட்கார்ந்தே வாய்க்கால்களைப் பார்க்கலாம்.

அங்கே மண் கிடைக்காமல் தவிக்கிறார்கள். நம் ஊரில் வண்டல் எடுக்க என்ன வழி?

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய்களில் படிந்த வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம். தாசில்தாரிடம் அனுமதி வாங்க வேண்டும். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை அனுமதி உண்டு. கோடையில் குளம் வற்றியதும் எடுத்து, உழவுக்கு முன்பாகப் பரப்புங்கள். மணல்சாரி நிலத்துக்கு இது மிகவும் நல்லது. எடுப்பதற்கு முன்பு அந்த மண்ணை உப்பு, களர் தன்மைக்குப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து இறங்கிய மண் நம் குளத்தில் எட்டும் தூரத்தில் கிடக்கிறது. மன்றோ தீவுக்காரர்களின் மண் தென்மலை அணைக்குள் கிடக்கிறது, அவர்களுக்கு அது எட்டாது.